இலக்கம் வெட்டிய சட்டைகள்

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் ரைன் ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அறுபத்துநான்கு பேர் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் உடுத்துவதும் போர்த்துவதும் துடைப்பதும் நிலவறையில் தோய்க்கப்படுகின்றன. பதினொரு ஆண்டுகளாக அந்த நிலவறையில் வேலை செய்பவர் தவச்செல்வன். வயது நாற்பத்துநான்கு, பிறந்தது சாவகச்சேரி. மனைவி சுகந்தி ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறார். எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் தவச்செல்வனைத் தேடினால் பின் வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருப்பார். தன்னைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று அவர் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

நிலவறைக்கு ஒரே ஒரு ஜன்னல். உள்ளே நிற்பவருக்கு அது தலைக்கு மேலே இருக்கும். வெளியே நிலத்தோடு ஒட்டியிருக்கும். ஆற்றுக்கு இறங்கும் பாதை அதை உரசிக்கொண்டு போகிறது. பாதையில் நடப்பவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் அங்கிருந்து தெரியும். காற்சட்டை விளிம்பு, பாவாடை விளிம்பு, கைத்தடியின் நுனி, சப்பாத்து.

இல்லத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தால் முதல் நாளே அவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். பெயரும் இலக்கமும் அச்சிட்ட சிறிய துணிப்பட்டியைச் சூட்டு மெஷினில் அழுத்தி ஒவ்வோர் உடுப்பிலும் ஒட்டுவார்கள். காலுறைக்குக்கூட. தோய்த்து, உலர்த்தி, மடித்த பிறகு இலக்கத்தைப் பார்த்து அறுபத்துநான்கு தட்டுகளில் பிரித்து வைக்க வேண்டும். பட்டி இல்லாத துணி, தவச்செல்வன் ‘ஆளில்லாத கூடை’ என்று சொல்லும் கூடைக்குப் போகும்.

கடந்த ஆண்டு மார்ச் மாதம் நாற்பத்தேழாம் இலக்கத்துக்கு ஒருவர் வந்தார். ஃபிரௌ ஷ்டாம், அதாவது திருமதி ஷ்டாம், என்று அவரை இங்கே அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. எண்பத்தெட்டு வயது. ஜப்பானிய முகம், ஷாஃப்ஹவுசன்காரர்களின் ஜெர்மன் பேச்சு. ரயில்வேயில் பொறியாளராக இருந்த கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு, மழையானாலும் பனியானாலும், சாம்பல் நிறப் பாவாடையோடு ஆற்றங்கரைக்கு நடந்துபோய் நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடுவார். அவரைப் பற்றி இல்லத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் தோய்ப்புக்கு வந்த அவருடைய ஒன்பது சட்டைகளிலும் பட்டி இல்லை. ஒட்டிய இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. மெஷின் பழுதோ என்று தவச்செல்வன் மறுபடி ஒட்டினார். அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் அவருடைய கம்பளிச் சட்டை ஆளில்லாத கூடைக்குப் போய், அங்கிருந்து யாரோ எடுத்து இன்னொரு அம்மாளுக்குப் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாளின் மகன் முறைப்பாடு செய்தார். ராப்போர்ட் என்று இங்கே சொல்லும் காலைக் கூட்டத்தில் பராமரிப்புத் தலைவி ஃபிரௌ எக்லி இதைக் குறித்துக்கொண்டார். நாற்பத்தேழு தன் உடுப்பில் இருக்கும் பட்டிகளை வெட்டுகிறார். காரணம் கேட்டால் பேசாமல் இருக்கிறார். நினைவு குழம்புவதன் தொடக்கமாக இருக்கலாம், கவனியுங்கள் என்றார்.

தவச்செல்வன் கவனித்தார். அவருக்கே உரிய விதத்தில். அந்த விதத்தை விளங்கிக்கொள்ள இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்துக்குப் போகவேண்டும்.

ஈழப் போரின் கடைசிக் கிழமையில் அவரும் தாயும் தம்பி பானுஜனும் ஒரு பாலத்தைக் கடந்து வந்தார்கள். இராணுவத்தினர் பெயர் பதிகிற மேசைக்கு முன்னால் வரிசை இரண்டாகப் பிரிந்தது. தாய்க்கும் மூத்த மகனுக்கும் பெயர் எழுதி, படம் எடுத்து, இலக்கம் போட்ட அட்டை கொடுத்தார்கள். பத்தொன்பது வயதான பானுஜனை மற்ற வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அந்த வரிசையில் மேசை இல்லை. பிறகு செட்டிகுளத்து முகாமிலும், அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களிலும் தம்பியைப் பற்றிக் கேட்டபோது முதல் கேள்வி ஒன்றுதான்: அவருடைய பதிவு இலக்கம் என்ன? இலக்கம் இல்லை என்றால் அடுத்த கேள்வி வராது.

அதனால் தவச்செல்வன் இலக்கங்களை நம்புகிறவர். முகாம் அட்டை, சுவிஸ் எல்லை நகரமான கிரொய்ற்ஸ்லிங்கனில் அகதியாகப் பதிந்த தாள், பிறகு வந்த ஒவ்வொரு அனுமதி அட்டையின் பிரதியும் ஒரு பிளாஸ்டிக் உறையில், அலுமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. இலக்கம் இல்லாத மனிதன் தொலைந்துபோவான் என்பது அவருக்குக் கருத்து அல்ல, கண்ட விஷயம். நாற்பத்தேழாம் அறையில் ஒரு வயதான பெண் தன் இலக்கத்தைத் தானே வெட்டி எறிகிறார் என்றபோது அவருக்கு வந்தது கோபம் இல்லை, பயம்.

எனவே சாப்பாட்டு இடைவேளையில் ஊசியை எடுத்தார். பட்டியை ஒட்டுவதற்குப் பதிலாக நைலோன் நூலால் தைத்தார். கழுத்துக்குள் ஒன்று, இடுப்பு மடிப்பில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று. ஒன்று போனாலும் இரண்டு இருக்கும். யாரும் சொல்லிச் செய்த வேலை அல்ல.

மேல் மாடியில் பராமரிப்பு வேலை செய்யும் ரிஷானி துணி வண்டியோடு இறங்கி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். இங்கேயே பிறந்தவள், இருபத்தாறு வயது.

“என்ன மாமா, சட்டை தைக்கிறியளோ, சங்கிலி போடுறியளோ?”

“உவவின்ர சாமான் துலையக்கூடாது பிள்ளை. அதுக்குத்தான்.”

“மூண்டு இடத்திலயோ? அவ என்ன பாங்குப் பெட்டகமோ?”

“நீ சிரி. பேந்து ஆளில்லாத கூடையுக்க கிடந்து தேடேக்க தெரியும்.”

“சுகந்தி மாமிக்கும் உப்பிடி நம்பர் தைச்சு வச்சிருக்கிறியளோ?”

“அவ துலையமாட்டா. என்னைத்தான் அவ தைச்சு வச்சிருக்கிறா,” என்றார் தவச்செல்வன், நூலைப் பல்லால் கடித்தபடி.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபிரௌ ஷ்டாம் நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோலால் அந்த நைலோன் நூலோடு மல்லுக்கட்டியபோது கத்தரி வழுக்கியது. இடது பெருவிரலின் அடியில் ஆழமான வெட்டு. வயதான தோல், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை வேறு. மருத்துவமனையில் ஆறு தையல் போட்டார்கள்.

அடுத்த நாள் ராப்போர்ட்டில் ஃபிரௌ எக்லி தன் முடிவைச் சொன்னார். அறையிலிருந்து கூரான பொருட்களை அகற்ற வேண்டும். அடுத்த மாதத் தொடக்கத்தில் இரண்டாம் மாடியில் ஒரு கட்டில் காலியாகிறது, அங்கே மாற்றலாம். இரண்டாம் மாடி என்றால் இல்லத்தில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். குழம்பியவர்களின் பிரிவு. கதவு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும், அந்த இலக்கம் ஊழியருக்கு மட்டுமே தெரியும். அங்கிருந்து யாரும் தனியாக ஆற்றுக்கு நடப்பதில்லை. மருத்துவரும் தற்காலிகமாக ஒப்புக்கொண்டார். அதற்கு எட்டு நாள் இருந்தது.

இரத்தம் பட்ட சட்டை நிலவறைக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்குமுன் தவச்செல்வன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்தில் பட்டி பாதி தொங்கியது. விரல் வெட்டுப்பட்ட இடம் அதுதான். இடுப்பிலும் கீழ் விளிம்பிலும் இருந்த பட்டிகள் ஏற்கெனவே போயிருந்தன. அவற்றை எடுக்கும்போது பிரிந்த மடிப்பை அந்த அம்மாள் திரும்பத் தைத்திருந்தார். அரிசியிலும் சின்னத் தையல், ஒவ்வொன்றும் ஒரே அளவு, சட்டையின் நிறத்துக்குச் சரியான நூல். மற்றச் சட்டைகளையும் எடுத்து விரித்தார். எல்லாவற்றிலும் அப்படியே. கடையின் பட்டி, தோய்க்கும் முறை சொல்லும் பட்டி எல்லாம் முன்பு எப்போதோ எடுக்கப்பட்டு, அந்த இடமும் அதே சின்னத் தையலால் மூடப்பட்டிருந்தது. சில தையல்கள் துணியோடு சேர்ந்து வெளிறியிருந்தன. முப்பது, நாற்பது வருடப் பழையவை.

ரிஷானி வந்தபோது அவர் அந்தச் சட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளை, உது குழம்பின ஆளின்ர கையோ, சொல்லு.”

அவள் தையலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“எனக்கு உப்பிடித் தைக்கத் தெரியாது.”

“நான் தைச்சதாலதான் அவவுக்குக் கை வெட்டினது.”

“மாமா, நீங்கள் வேணுமெண்டே செய்தனீங்கள்?”

“வேணுமெண்டுதான் மூண்டு இடத்தில தைச்சனான்.”

“அப்ப மேல போய் அவவோட கதையுங்கோ. இஞ்ச இருந்து எனக்குச் சொல்லி என்ன?”

நிலவறை ஆட்கள் அறைகளுக்குப் போவது வழக்கம் இல்லை. பதினொரு ஆண்டில் தவச்செல்வன் முதல் மாடிக்கு வேலை நேரத்தில் போனது மின்குமிழ் மாற்ற ஏணி பிடித்த ஒரு தடவை மட்டும். இரத்தம் போகத் தோய்த்து இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்தேழாம் அறையின் கதவைத் தட்டினார். அவர்கள் பேசியது ஜெர்மனில். இருவருக்கும் அது பிறகு கற்ற மொழி.

“தைக்கிற ஆள் நீங்கள்தானா?” என்று ஃபிரௌ ஷ்டாம் கேட்டார்.

“நான்தான். மன்னிக்க வேண்டும்.”

“நன்றாகத் தைக்கிறீர்கள். ஒரு சட்டைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.” கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். “இப்போது கத்தரிக்கோலும் இல்லை. பல்லால்தான் முயல வேண்டும். அதுவும் என்னுடைய பல் இல்லை.”

தவச்செல்வனுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த அம்மாள் நாற்காலியைக் காட்டினார்.

“ஏன் மூன்று இடத்தில்?”

“இலக்கம் இல்லை என்றால் தொலைந்துவிடும்.”

“சட்டையா?”

தவச்செல்வன் சட்டையை அவருடைய மடியில் வைத்தார். பிறகு, அங்கே போய்ச் சொல்ல நினைத்திராத விஷயத்தைச் சொன்னார். பாலம், மேசை, இரண்டு வரிசை, தம்பி, முகாமில் இருந்த ஐந்து மாதம். அவருடைய ஜெர்மன் சலவைப் பொடி வாங்கவும் விடுமுறை கேட்கவும் போதுமானது, இதற்குப் போதவில்லை. சொல் கிடைக்காத இடங்களில் நிறுத்தினார். ஃபிரௌ ஷ்டாம் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தார்.

கேட்டு முடித்த பிறகு, “என் அம்மாவும் அதையேதான் சொன்னார்,” என்றார்.

அவர் ஜப்பானில் பிறந்தவர் அல்ல. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், சியாட்டில் நகரத்துக்கு எதிரே உள்ள ஒரு தீவில் பிறந்தவர். தகப்பன் அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டார். ஜப்பானோடு போர் தொடங்கிய அடுத்த மார்ச் மாதம், தீவிலிருந்த ஜப்பானியக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஆறு நாள் அவகாசம் கொடுத்தார்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இலக்கம். அதை எழுதிய அட்டையைப் பெட்டியிலும் கட்டவேண்டும், மேல் சட்டையிலும் கட்டவேண்டும், குழந்தைக்கும் கட்டவேண்டும். எல்லோரும் கோயிலுக்குப் போவதுபோல் இருப்பதில் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார்கள். இருபுறமும் துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திய சிப்பாய்கள். அதில் ஒருவன் தங்கள் பெட்டியைத் தூக்கி வந்தான் என்றும், அவன் அழுதான் என்றும் அந்த அம்மாள் சொன்னார். அவருக்கு அப்போது ஆறு வயது.

கப்பலில் காற்று அடித்தபோது அட்டை எழும்பி எழும்பி நாடியில் அடித்தது. ரயிலிலும் கழற்றவில்லை. கழற்றினால் நீ எங்கள் பிள்ளை என்று யாருக்கும் தெரியாமல் போகும் என்று தாய் சொல்லியிருந்தார். கலிஃபோர்னியாப் பாலைவனத்தில், முள்வேலிக்குள் தார்க் கடதாசி அடித்த பலகைக் கொட்டகைகள். இரண்டாம் நாள் அந்தச் சிறுமி அட்டையைப் பிய்த்துக் காற்றில் விட்டாள். தாய் அவளை அடித்தார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு, தன் நல்ல உடுப்போடு மண்ணில் முழங்காலிட்டு, கொட்டகை கொட்டகையாகத் தவழ்ந்து அந்த அட்டையைத் தேடினார்.

“கிடைத்ததா?”

“கிடைத்தது. திரும்பக் கட்டினார். இரண்டு முடிச்சு.” அவர் மடியில் கிடந்த சட்டையின் கழுத்தைத் தடவினார். “எனக்கு இருபது வயதானபோது ஒரு கத்தரிக்கோல் வாங்கினேன். அன்றிலிருந்து என் உடுப்பில் எந்தப் பட்டியும் இருந்ததில்லை. என் கணவர் ஏன் என்று ஒரு தடவை கேட்டார். உறுத்துகிறது என்றேன். அதோடு விட்டுவிட்டார். நல்ல மனிதர்.”

அந்தக் குடும்ப இலக்கத்தை அவர் தவச்செல்வனிடம் சொன்னார், ஆங்கிலத்தில், ஒரே மூச்சில். தவச்செல்வன் அதை என்னிடம் சொல்லவில்லை. “அது அவவின்ர,” என்றார்.

“தம்பி கிடைத்தானா?” என்று ஃபிரௌ ஷ்டாம் கேட்டார்.

“இல்லை.”

“இலக்கம் இருந்திருந்தால் கிடைத்திருப்பானா?”

பதினைந்து ஆண்டுகளாக இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டதில்லை. தெரியாது என்றார். பிறகு, காணாமல் போனவர்களின் பட்டியலில் தம்பியின் பெயரைக் கொடுத்தபோது கோப்புக்கு ஓர் இலக்கம் தந்தார்கள் என்றார். “இப்போது அவனுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது.”

வெளியே யாரோ வண்டி தள்ளிப் போனார்கள்.

“அந்த முகாமில் ஐந்து மாதமும் என்ன செய்தீர்கள்?”

“துணி பார்த்தேன்.”

முகாம் பல பிரிவுகளாக இருந்தது. ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போக முடியாது. ஆனால் தோய்த்த துணியை எல்லோரும் முள்கம்பியில்தான் காயப்போட்டார்கள். பானுஜன் கடைசியாகப் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. வலது கை கிழிந்து, தாய் தன் பச்சைச் சேலைத் தலைப்பில் துண்டு வெட்டி ஒட்டியிருந்தார். அந்தச் சட்டையைத் தேடித் தவச்செல்வன் காலையும் பின்னேரமும் வேலியோரமாக நடந்தார். அது கிடைக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாத் துணியும் பழகிவிட்டது. எந்தச் சட்டை எந்தக் கூடாரத்துக்குரியது, எந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தது, எந்த ஆளை இரவோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், எல்லாவற்றையும் அந்தக் கம்பி சொன்னது. நேற்று வரை காய்ந்த ஓர் ஆணின் சறம் இன்று இல்லை என்றால் நாளையும் அதே இடத்துக்கு வந்து பார்ப்பார். உரிமையாளரின் முகத்தை அவர் கண்டதே இல்லை.

ஃபிரௌ ஷ்டாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஐந்து மாதம் வேலியில் துணி பார்த்தவருக்கு என் ஒன்பது சட்டையை இலக்கம் இல்லாமல் அடையாளம் தெரியாதா?” என்றார்.

தெரியும். தவச்செல்வனுக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது. ஒன்பது மட்டும் அல்ல. பல ஆண்டுகளாக அவர் பட்டியைப் பார்ப்பது கடமைக்காக. கை ஏற்கெனவே தட்டை நோக்கி நீண்டிருக்கும்.

எழுந்தபோது அந்த அம்மாள் ஒரு நிபந்தனை சொன்னார். “நான் சொன்னது ராப்போர்ட்டுக்கு அல்ல. அதையும் எழுதி ஒரு கோப்பில் வைப்பார்கள். கோப்புக்கு ஓர் இலக்கம் போடுவார்கள்.”

இப்படியாக, ஃபிரௌ எக்லியின் மேசைக்கு முன்னால் நின்றபோது தவச்செல்வனின் கையில் இருந்த மிகப் பெரிய காரணத்தை அவர் பயன்படுத்த முடியவில்லை. சட்டைகளை விரித்துத் தையலைக் காட்டினார். நைலோன் நூல் தன் வேலை, வெட்டுக்குக் காரணம் தான் என்றார். நாற்பத்தேழின் துணிக்கு இலக்கம் வேண்டாம் என்று கேட்டார்.

ஃபிரௌ எக்லி கெட்ட மனிதர் அல்ல. தையலை நீண்ட நேரம் பார்த்தார்.

“தவா, பிரச்சினை துணி இல்லை. ஏன் செய்கிறார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுதான் பிரச்சினை.”

“அவரால் முடியும். விரும்பவில்லை.”

“உங்களிடம் சொன்னாரா?”

“ஓம்,” என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஜெர்மனில், “சொன்னார். அது அவருடையது.”

“இலக்கம் இல்லாமல் துணி எப்படி அவருக்குத் திரும்பப் போகும்? அடுத்த முறைப்பாட்டுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.”

வலைப்பையில் தனியாகப் போடலாமே என்று ரிஷானி முன்பே கேட்டிருந்தாள். அது நடக்காது. கம்பளிக்கு ஒரு சூடு, பருத்திக்கு ஒரு சூடு. ஒருவருடைய உடுப்பு ஒரே தடவையில் தோய்க்கப்படுவதில்லை. வலைப்பைக்கும் இலக்கம்தான்.

“எனக்குத் தெரியும்,” என்றார் தவச்செல்வன். “எல்லோருடையதும் தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள்.”

அடுத்த நாள் காலை, ராப்போர்ட் நடக்கும் அறையின் நீண்ட மேசையில் முப்பது துணிகள் கிடந்தன. ஃபிரௌ எக்லி வெவ்வேறு அறைகளின் அலுமாரிகளிலிருந்து ரிஷானியை எடுத்துவரச் சொன்னவை. எல்லாம் வெள்ளை, உள்சட்டை, இரவுச் சட்டை, மேல் சட்டை. பட்டிகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் காப்பியோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒருவர் ஏதோ பகிடி சொன்னார்.

தவச்செல்வன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். துணியை எடுத்து, இரண்டு கையாலும் ஒரு தடவை விரித்து, ஓரத்தை விரலால் உருட்டி, கீழே வைத்தார். பன்னிரண்டு. ஐம்பத்தொன்று. முப்பத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நேரம். ரிஷானி ஒட்டுநாடாவை உரித்து வாசித்தாள். பன்னிரண்டு. ஐம்பத்தொன்று. முப்பத்துமூன்று. பத்தாவது துணிக்குப் பிறகு காப்பி குடிப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று அவள் சொன்னாள்.

இருபத்திரண்டாவது ஓர் ஆணின் சட்டை. அவர் அதை விரித்து, திரும்ப மடித்து, மறுபடி விரித்தார்.

“இது பத்தொன்பது. ஹெர் ரூஷ். ஆனால் முதலில் ஆறாம் இலக்கத்துக்காரருடையது.”

ஆறாம் இலக்கத்துக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். அவருடைய மகள் நல்ல உடுப்புகளை இல்லத்துக்கே விட்டுச் சென்றிருந்தார். ரிஷானி நாடாவை உரித்தாள். பத்தொன்பது. அந்தப் பட்டிக்குக் கீழே, பழைய பட்டி ஒன்று உரிக்கப்பட்ட தடம்.

“இது எப்படி?” என்று ஃபிரௌ எக்லி கேட்டார்.

“அந்த ஐயா இடது முழங்கையை மேசையில் ஊன்றித்தான் இருப்பார். இங்கே தேய்ந்திருக்கிறது. ஹெர் ரூஷ் ஊன்றமாட்டார்.”

நிலவறையில் இருப்பவர் அந்த ஐயா மேசையில் இருப்பதைப் பார்த்ததே இல்லை என்பது எல்லோருக்கும் நினைவு வர ஒரு நொடி பிடித்தது.

முப்பதில் ஒன்றுகூடப் பிழையாகவில்லை. ஃபிரௌ ஷ்டாமின் இரண்டு சட்டைகளும் அதற்குள் இருந்தன. பட்டியும் இல்லை, நாடாவும் இல்லை. அவற்றை அவர் விரிக்கவே இல்லை. தனியாக எடுத்து ஒரு பக்கம் வைத்தார்.

இதை முதலில் கேட்டபோது நினைவாற்றல் என்று நினைத்தேன். நினைவாற்றலை நான் பெரிதாக மதிப்பதில்லை. புத்தகத்தை ஒப்பிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் இது வேறு. ஒரே ஒரு சட்டையைக் கண்டுபிடிப்பதற்காகப் பழகிய கண் இது. அந்தச் சட்டை வரவில்லை. கண் தன் வேலையை நிறுத்தவும் இல்லை, கசந்துபோகவும் இல்லை. தனக்கு யாருமே அல்லாத அறுபத்துநான்கு பேரின் முழங்கையையும் கழுத்தையும் தோள் சாய்வையும் பதினொரு ஆண்டுகளாக அதே கவலையோடு பார்த்துவந்திருக்கிறது. மனிதருக்கு மனிதர் மேல் உள்ள கவனம் எங்கே இருக்கிறது என்று பலர் எழுதியதை வாசித்திருக்கிறேன். ஒரு நிலவறையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஃபிரௌ எக்லி அன்று மாலையே மருத்துவரோடு பேசினார். முழுமையான பரிசோதனை செய்தார்கள். மூன்று பக்கக் கேள்விகளுக்கும் ஃபிரௌ ஷ்டாம் சரியான பதில் சொன்னார்; இன்று என்ன திகதி என்ற கேள்விக்கு மட்டும், “உங்கள் தலைக்குப் பின்னால் நாட்காட்டி தொங்குகிறது, அது தவறான மாதத்தில் இருக்கிறது,” என்றாராம். இரண்டாம் மாடிக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கத்தரிக்கோல் திரும்பி வந்தது. நாற்பத்தேழின் துணிக்குப் பட்டி இல்லை, தவச்செல்வன் விடுமுறையில் போனால் அவர் வரும்வரை அது தோய்க்கப்படாமல் காத்திருக்கும் என்று எழுதி நிலவறைச் சுவரில் ஒட்டினார்கள். அந்தக் கடதாசியை நான் பார்த்தேன்.

துணிகளை அடையாளம் சொன்ன அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போன தவச்செல்வன் அலுமாரியின் மேல் தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையை இறக்கி, முகாம் அட்டையை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சுகந்தி சொன்னார்.

“எறியப் போறியளோ எண்டு கேட்டனான்.”

“என்ன சொன்னவர்?”

“விசரோ எண்டவர். திரும்ப வச்சிட்டார். தம்பியின்ர கோப்புக்குத் தேவைப்படும் எண்டு.”

இதை எழுத ஃபிரௌ ஷ்டாமிடம் அனுமதி கேட்டது தவச்செல்வன்தான். எந்த மொழியில் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். தமிழில் என்றதும், “அப்படியானால் எழுதட்டும். இங்கே யாரும் வாசித்துவிட்டு எனக்காக வருத்தப்பட மாட்டார்கள்,” என்றாராம்.

கடந்த வியாழக்கிழமை நான் நிலவறைக்குப் போயிருந்தேன். மெஷின்களின் சத்தத்தில் கதைக்க முடியவில்லை. அவர் மடித்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி அடித்து ஒன்றிரண்டு நிமிடத்தில், சொல்லிவைத்ததுபோல் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். சாம்பல் நிறப் பாவாடை விளிம்பு ஒன்று, கறுப்புச் சப்பாத்து இரண்டு, ஆற்றுப் பக்கம் போயின. அவர் மறுபடி மடிக்கத் தொடங்கினார். தலையணை உறைகள், துவாய்கள், ஒரு குவியல் காலுறை. கை கொஞ்சம் மெதுவாகியிருந்தது. இரண்டு நாற்பதுக்கு மெஷின் ஒன்று நின்று மணி அடித்தது. அவர் அதைத் திறக்கப் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்றார். இரண்டு நாற்பத்துமூன்றுக்கு அதே விளிம்பு, ஓரத்தில் கொஞ்சம் சேறு பட்டு, மேலே ஏறி வந்தது.

“வந்திட்டா,” என்றார், யாருக்கும் இல்லாமல். பிறகு போய் மெஷினைத் திறந்தார்.